கல்லில் வலது தோள்

மாதத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை பாலக்காட்டிலிருந்து கல் வரும். ஒற்றை மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே கோணி போர்த்தி, உடம்புக்கு முடியாத ஒருவரை அழைத்து வருவதுபோல் பாஸ்கல் அதைக் கொண்டுவருவார். பாலக்காட்டுக் கடைத்தெருவில் அவருக்கு ஒரு சின்னக் கல்லச்சுக்கூடம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, மருந்துப் புட்டியில் ஒட்டுகிற சீட்டு, பீடிக்கட்டுச் சீட்டு இவைதான் அங்கே ஓடும். மாதத்தில் மூன்று நாள் மட்டும் ‘கணவாய்க் காற்று’ ஓடும்.

‘கணவாய்க் காற்று’ யக்ஞநாராயணன் தனியாளாக நடத்திய தாள். ஒரே காகிதம், நடுவில் மடித்தால் நாலு பக்கம். மூன்று பக்கத்துக்கு அவர் வரைந்த கேலிப் படங்கள். நாலாம் பக்கத்துக்கு ‘படிக்கச் சொல்வது’ என்று தலைப்பு. அதற்கு முன் அவர் ஆறு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்தார். மதராஸிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை அவரைக் கூப்பிட்டது. போய் நாலு நாள் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

“அங்கே ஒருத்தர் யோசிக்கறார், இன்னொருத்தர் திருத்தறார், மூணாமத்தவர் வரையறார். நான் மூணாமத்தவராக்கும்” என்று மனைவியிடம் சொன்னார். அடுத்த மாதமே வாத்தியார் வேலையையும் விட்டுவிட்டுத் தாளைத் தொடங்கினார். அது 1930. இந்தக் காரியம் நடந்தது தாளின் நாலாவது வருஷத்தில்.

சித்தூர்ப் புழை என்கிற ஆற்றுக்குப் பக்கத்தில், பிராமணக் குடும்பங்கள் இரண்டு வரிசையாக இருந்த தெருவில் அவர் வீடு. அப்படிப்பட்ட தெருவுக்குப் பாலக்காட்டுப் பக்கம் கிராமம் என்றே பெயர். கிராமத்தார் அவரைப் ‘படம் யக்ஞன்’ என்பார்கள். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்பது சொல்லுகிறவரைப் பொறுத்தது.

கல்லச்சில் ஒரு சங்கடம் உண்டு. கல்லில் எழுதுவது காகிதத்தில் இடம்வலம் மாறி விழும். ஆகவே எல்லாவற்றையும் கல்லில் திருப்பி வரைய வேண்டும். யக்ஞநாராயணனுக்குப் படம் திருப்பி வரும். எழுத்து வராது. முதல் தாளில் அவர் எழுதிய ‘ழ’வைப் பார்த்துவிட்டு, “சாமி, இது எழுத்துங்களா நண்டுங்களா?” என்று பாஸ்கல் கேட்டார். அன்றைக்குச் சாயங்காலம் யக்ஞநாராயணன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, மனைவி வாலாம்பாள் ஒரு பழைய சிலேட்டில் ‘கணவாய்க் காற்று’ என்று வலமிருந்து இடமாகத் திருப்பி எழுதி அவர் முன்னால் வைத்தாள். கண்ணாடியில் காட்டிப் பார்த்தார். ஒரு கொம்பு, ஒரு கால் பிசகவில்லை.

“இது எங்கே கத்துண்டே?”

“எங்கேயும் கத்துக்கலை. சும்மா எழுதிப் பார்ப்பேன். பகவான் படத்துக்குப் போட்ட கண்ணாடியில நேரா தெரியும்.”

அவள் நாலாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றவள். பத்து வயதில் கல்யாணம். யாராவது இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். ஆனால் கையில் அகப்பட்டதை எல்லாம் படிப்பாள். பருப்புப் பொட்டலத்தின் காகிதத்தைப் பிரித்து நீவி, கிழிந்த இடத்தில் என்ன வார்த்தை இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டு நிற்பாள். அன்றிலிருந்து படத்துக்குக் கீழே உள்ள எழுத்தெல்லாம் அவள் எழுதினாள். ஆறு மாதத்தில் நாலாம் பக்கம் முழுவதும் அவளுடையதாகிவிட்டது. எழுதுவது மட்டும் அல்ல, என்ன படிக்கச் சொல்லலாம் என்று தீர்மானிப்பதும் அவள்தான். வெளியே இது பாஸ்கலைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பாஸ்கலும் எழுத்து மாறியதைப் பார்த்து ஊகித்ததுதான், கேட்டதில்லை.

அந்த மாதத்துக்கு யக்ஞநாராயணன் மூன்று படம் வைத்திருந்தார். முதலாவது, கொச்சி ராஜ்யம் முடிந்து பிரிட்டிஷ் மலபார் தொடங்குகிற எல்லையில் ஒரு மாடு. தலையும் முன்காலும் கொச்சியில், மடியும் பின்காலும் மலபாரில். கொச்சிச் சேவகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறான்: ‘தீனி எங்கள் பக்கம், கறவை உங்கள் பக்கம்.’ இரண்டாவது, மலை எஸ்டேட் ஒன்றில் மருந்து கொடுப்பவர் கால் முறிந்தவனுக்கும் பல்வலிக்காரனுக்கும் ஒரே ஜாடியிலிருந்து ஊற்றுகிறார். மூன்றாவது கிராமத்துத் தேர். எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு வடம் இழுக்கிறார்கள். எதிரே, வெறும் மார்போடு, வலது கையில் விரித்த குடையோடு ஒருவர் நின்று, ‘இழுக்கிறோம், இழுக்கிறோம்’ என்கிறார். அவர் வடத்தைத் தொடவில்லை.

அந்தக் குடைக்காரர் யார் என்று கீழே எழுத வேண்டிய அவசியமே இல்லை. தேர்க் கமிட்டியின் சுப்பராமன். அந்த வயிறும், அந்தக் குடையும், காதில் கடுக்கனும் அவருக்குத்தான் உண்டு.

நாலாம் பக்கத்துக்கு வாலாம்பாள் நாலு சங்கதி எழுதினாள்:

‘இந்த வருஷப் பஞ்சாங்கத்தின் மழைப் பக்கம். எழுதியவர் நம் கணவாய்க் காற்றை ஒரு நாளும் அனுபவித்ததில்லை என்று தெரிகிறது. அதற்காகவே படிக்கலாம்.

‘மதராஸில் அச்சான ஒரு நாவல். பெயர் வேண்டாம், எல்லார் வீட்டிலும் அதுதான் இருக்கிறது. நூற்று நாற்பதாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டால் கதாநாயகி பிழைத்துக்கொள்வாள்.

‘ஒரு சமையல் புஸ்தகம். உப்பு எவ்வளவு என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஆனால் ஊறுகாய் அத்தியாயத்தை எழுதியவர் வேறு யாரோ, அவருக்குச் சமையல் தெரியும்.

‘மலைக்காய்ச்சலைப் பற்றி சர்க்கார் போட்ட பன்னிரண்டு பக்கம். சென்ற மாதமும் சொன்னோம். இன்னும் படிக்காதவர்கள் கடைசி நாலு பக்கத்தை முதலில் படிக்கவும்.’

கடைசிச் சங்கதியை மறுபடி எழுதியதற்குக் காரணம் ஒரு கடிதம். மலை மேல் எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்த சங்கையா என்பவர் எழுதியிருந்தார்:

‘கடைசிப் பக்கம் எழுதுற ஐயா அவர்களுக்கு. காய்ச்சல் புஸ்தகத்தை ஞாயித்துக்கிழமை கூலியாளுக குடியிருக்குற லயத்துல வச்சு வாசிச்சேன். ராமுத்தாய்னு ஒரு பொம்பளை கொசுப் படத்தைப் பாத்துட்டு, இம்புட்டுப் பெரிய கொசுவா, கம்பெடுத்து அடிச்சுப்போடலாமேன்னு சொல்லுச்சு. எல்லாரும் சிரிச்சாக. ஆனா மறுநாளே தண்ணித் தொட்டிய மூடிட்டாக. அடுத்து என்ன வாசிக்கணும்னு சொல்லவும்.’

‘ஐயா’ என்று விலாசமிட்ட அந்தக் கடிதத்தை வாலாம்பாள் அரிசி டின்னுக்குள் வைத்திருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு தடவை அரிசி எடுக்கும்போது அதையும் பார்த்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை யக்ஞநாராயணன் கோவிந்தாபுரம் போயிருந்தார். அங்கே சந்தைக்கு வருகிற வியாபாரிகளிடம் தாளைக் கொடுத்தால் அது தானாகவே பொள்ளாச்சி வரைக்கும், மலைக்கும் போய்விடும். வாலாம்பாள் பின்கட்டு அறையில் கல்லுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, மூன்றாம் படத்துக்குக் கீழே எழுதிக்கொண்டிருந்தாள்.

அன்று காலையில் பக்கத்து வீட்டு ஞானம் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள், சுப்பராமனின் அப்பாவுக்கு நேற்று முழுக்க மூச்சு வாங்கியது, வைத்தியர் இரண்டு தடவை வந்தார் என்று. எண்பத்து மூன்று வயதுக் கிழவர். வாலாம்பாள் புழைக்குப் போகும்போதெல்லாம் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து, “யாரு, யக்ஞன் ஆம்படையாளா? தண்ணி நெறைய இருக்கோடி?” என்று கேட்பார். ஒரு நாள் கேட்காவிட்டால் அவளுக்கே ஏதோ போலிருக்கும்.

எழுத்தை முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தபோது படத்தைப் பார்த்தாள். கல்லில் சுப்பராமனின் பூணூல் வலது தோளில் கிடந்தது.

கல்லில் அப்படித்தான் கிடக்க வேண்டும். அப்போதுதான் காகிதத்தில் இடது தோளுக்கு வரும். யக்ஞநாராயணன் சரியாகத்தான் வரைந்திருந்தார். ஆனால் பூணூலை வலது தோளுக்கு மாற்றிப் போடுவது தகப்பனைப் பறிகொடுத்தவன், பித்ரு காரியம் செய்யும்போது. அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்கும்போது பிள்ளையின் பூணூல் அந்தப் பக்கம் கிடந்தால் அது என்ன அர்த்தம் என்று அந்தக் கிராமத்தில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். இதற்கு முன் அவர் வரைந்த பூணூல்காரர்கள் ஊர் பேர் இல்லாதவர்கள். அவர்களுக்கு அப்பா இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. இவர் அப்படி இல்லை.

அடுத்துச் செய்ததை அவள் தெரியாமல் செய்தாள் என்று சொல்ல முடியாது. மூன்று வருஷமாக ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிப் போட்டவள் அவள். ஆனால் எழுத்தைத் திருப்புவது அவளுக்கு வேலை. பூணூல் வேலை இல்லை. கண்ணுக்கு முன்னால் இருந்தது கல், காகிதம் இல்லை. பேனாக்கத்தியின் முனையால் அந்தக் கோட்டை மெதுவாகச் சுரண்டி எடுத்தாள். மைக்குச்சியைக் கூராக்கி, இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு ஒரு கோடு இழுத்தாள். மனசு லேசாயிற்று. கையைக் கழுவிக்கொண்டு அடுப்பு மூட்டப் போனாள்.

திங்கட்கிழமை வண்டி வந்து கல்லை ஏற்றிக்கொண்டு போயிற்று. புதன்கிழமை பருப்பு களைந்துகொண்டிருந்தபோதுதான் அவள் கை நின்றது. தண்ணீர் வழிந்து முற்றத்தில் ஓடியது. காகிதத்தில் அது எந்தத் தோளில் விழும் என்று அப்போதுதான் தோன்றிற்று.

அன்றே சொல்லியிருக்கலாம். யக்ஞநாராயணன் அதற்குள் பாலக்காட்டில் சரிபார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். மாட்டின் வாலில் மை திரண்டு கறுப்பாக விழுந்ததைச் சரிசெய்யவே தமக்கு அரை நாள் ஆயிற்று என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவரே கவனிக்கவில்லை, இத்தனை சின்னக் கோட்டை வேறு யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை தாள் கிராமத்துக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் ஞானம் வாசலிலிருந்து பின்கட்டு வரைக்கும் நிற்காமல் வந்தாள்.

“வாலா, உங்காத்துக்காரர் எங்கேடி? சுப்பராமன் ஆத்துல ஏக ரகளை. கொல்லங்கோட்டுலேர்ந்து ரெண்டு பேர் துக்கம் கேக்க வந்தூட்டா.”

“யாருக்கு?”

“யாருக்கா? கெழவருக்குத்தான். தாள்ல பூணூலைப் பார்த்தாளாம். அப்பா போயிட்டார், சொல்லியனுப்ப விட்டுப்போச்சாக்கும்னு நெனச்சுண்டு, ஸ்நானம் பண்ணி, முகத்தைத் தொங்கப்போட்டுண்டு வந்து நிக்கறா. கெழவர் உள்ளேர்ந்து, ‘யாரு போயிட்டா, யாரு போயிட்டா’ன்னு கேக்கறார். என்னன்னு சொல்லறது?”

ஞானத்துக்குச் சிரிப்பு வந்தது. வாலாம்பாளின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள். “நாளைக்கு சமூக மடத்துல கூட்டம். கிராமத்துக்காராளைப் படம் போடறதை நிறுத்தியே ஆகணும்னு சுப்பராமன் நிக்கறார். தாளையே நிறுத்தணும்னு கூட பேச்சு.”

யக்ஞநாராயணன் சாயங்காலம் வந்தபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் மாத்தித்தான் போட்டேன். ஓர்மை இருக்கு. கல்லை எடுக்கறச்சே இந்தப் பாஸ்கல் என்னமோ பண்ணியிருக்கான். நாளைக்கு முதல் பஸ்ல போய் அவனை நாலு கேக்காம விடறதில்லை.”

“வேண்டாம்” என்றாள் வாலாம்பாள்.

“என்ன வேண்டாம்?”

“அவர் ஒண்ணும் பண்ணலை. நானாக்கும்.”

அவள் சொன்னாள். முற்றத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கிழவருக்கு மூச்சு வாங்கியதில் தொடங்கி, பேனாக்கத்தி வரைக்கும், புதன்கிழமையும் சேர்த்து.

அவர் தாளை மடித்து வைத்தார். பிறகு, “புதன்கிழமை சொல்லியிருந்தா நிறுத்தியிருக்கலாம்” என்றார்.

“ஆமாம்.”

“செரி. நீ பண்ணினதுன்னு வேற யாருக்கும் தெரிய வேண்டாம். பெண்டுகள் கல்லுல எழுதறான்னு வெளியில வந்தா நாளைக்கே அதை நிறுத்துன்னு சொல்லுவா. என் கை தப்பிப்போச்சுன்னு நான் சொல்லிக்கறேன். ரெண்டு திட்டு, ஒரு நமஸ்காரம், தீர்ந்தது.”

சமூக மடம் கிராமத்துக்குப் பொதுவான கட்டடம். கூட்டமும் அங்கேதான், விருந்தும் அங்கேதான். மறுநாள் சாயங்காலம் ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பெண்கள் சாமான் அறையில் வரப்போகிற சமாராதனை விருந்துக்குப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் பேசுவது ஒரு வார்த்தை விடாமல் அங்கே கேட்கும். அதனால்தானோ என்னவோ, அவ்வளவு புளிக்கு அவ்வளவு பேர் தேவையில்லாமல் வந்திருந்தார்கள். வாலாம்பாள் கதவோரம் உட்கார்ந்தாள்.

சுப்பராமன் எழுந்து நின்றார். படத்தில் இருந்ததைவிட இளைத்திருந்தார். ஒரு வாரமாகத் தூக்கமில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

“குடையைப் பிடிச்சுண்டு நிக்கறேன்னு போட்டான். போடட்டும். வடத்தைத் தொடலைன்னு போட்டான். அதுவும் சாரமில்லை, நேக்கு இடுப்பு வலி, ஊருக்கே தெரியும். ஆனா எங்கப்பா உசிரோட இருக்கார். உசிரோட இருக்கறவருக்கு ரெண்டு பேர் துக்கம் கேக்க வந்தா. ‘நான் போயிட்டேனாடா?’ன்னு என்னைக் கேக்கறார். நான் என்ன பதில் சொல்ல? நீங்களே சொல்லுங்கோ.”

சாமான் அறையில் புளிச் சத்தம் நின்றுபோயிற்று.

யக்ஞநாராயணன் எழுந்தார். கல்லில் எல்லாவற்றையும் மாற்றி வரைய வேண்டும் என்பதை விளக்கினார். “இந்த ஒரு கோடு மாத்த விட்டுப்போச்சு. என் கை தப்பு. அண்ணா கிட்டேயும் பெரியவர் கிட்டேயும் நமஸ்காரம் பண்ணி மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கிராமத்துக்குப் புரோகிதம் பண்ணுகிற சாஸ்திரிகள் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதையும் முழுக்கப் பார்க்காமல் விட முடியாது.

“யக்ஞா, எழுத்தும் மாத்தித்தான் எழுதணுமோ?”

“ஆமாம்.”

“எழுத்தெல்லாம் நேரா வந்திருக்கு. குடை வலது கையிலேயாக்கும் இருக்கு. அதுவும் சரி. பூணூல் மட்டும் எப்படித் தப்பும்? வரைஞ்ச கை ஒண்ணுன்னா எல்லாம் சேர்ந்துன்னா தப்பணும்?” தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். “இங்கே பாரு, பழைய கோடு லேசாத் தெரியறது. யாரோ சொறண்டியிருக்கா.”

“பாஸ்கல்” என்றார் சுப்பராமன் உடனே. “வேற யாரு? வேதக்காரன். அவனுக்கு இது வேடிக்கை. வேணும்னுட்டே பண்ணியிருக்கான். அவனை இங்கே கொண்டு நிறுத்தணும். இனிமே நம்ம கிராமத்துக் கல்யாணப் பத்திரிகை ஒண்ணு அவன் கிட்டே போகப்படாது.”

“அதாக்கும் நியாயம்” என்று இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்தன.

வாலாம்பாள் கதவிடுக்கில் கணவனைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். மூடினார். இல்லை என்று சொன்னால் அப்போது யார் என்று கேட்பார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை நேரம் என்று சொல்ல முடியாது, ஒரு புளியங்கொட்டையை எடுத்துப் போடுகிற நேரம்தான் இருக்கும். அவளுக்கு அது போதும்.

அவள் எழுந்து கூடத்துக்கு வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, நிலைப்படிக்கு உள்பக்கமாகவே நின்று சொன்னாள்.

“பாஸ்கல் தொடலை. நான் மாத்தினேன்.”

கூடம் முழுவதும் திரும்பிற்று.

“கல்லுல எழுத்து எழுதறது நானாக்கும். எழுதறச்சே பார்த்தேன். கல்லுல பூணூல் வலது தோள்ல இருந்தது. பெரியவருக்கு மூச்சு வாங்கறதுன்னு அன்னிக்குக் காலம்பறதான் கேட்டேன். அப்படியே விட மனசு வரலை. எடுத்து மாத்திப் போட்டேன். காகிதத்துல மாறும்னு அப்போ தோணலை.”

சாஸ்திரிகள் தாளை மடித்தார். “நீ உசிரைக் காப்பாத்தணும்னு மாத்தினே. அதுதான் இப்படி வந்து முடிஞ்சதோ.”

“ஆமாம்.”

“அப்போ கல்லுல இருக்கறது தோஷமா, காகிதத்துல இருக்கறது தோஷமா?” என்று ஒருவர் கேட்டார். அது பெரிய வாக்குவாதமாயிற்று. கல்லை யாரும் பார்க்கப்போவதில்லை என்றார் ஒருவர். பகவான் பார்ப்பார் என்றார் இன்னொருவர். அப்படியானால் யக்ஞன் இதுவரை வரைந்த பூணூலெல்லாம் கல்லில் அப்படித்தானே கிடந்தது, அவர்கள் அப்பாக்களெல்லாம் என்ன ஆனார்கள் என்றார் மூன்றாமவர். சாமான் அறையில் ஞானம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுப்பராமன் மட்டும் பேசாமல் வாலாம்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வைக்க இடம் தெரியாமல் கையில் வைத்திருந்தார்.

“மனசால தப்பு இல்லை, செரி” என்றார் கடைசியில். “ஆனா ஆத்துப் பொம்மனாட்டி அச்சுக்கல்லைத் தொடறதாவது. இனிமே தொடப்படாது. அதுக்கு சம்மதம்னா தாள் நடக்கட்டும். இல்லைன்னா நான் விடறதா இல்லை.”

சமூகம் தீர்மானம் எழுதிற்று. ஒன்று, கிராமத்தாரைப் படம் போட்டால் மேல்வேஷ்டி போர்த்தித்தான் போட வேண்டும், பூணூல் தெரியக்கூடாது. இரண்டு, யக்ஞநாராயணன் பெரியவரை நமஸ்காரம் செய்ய வேண்டும். மூன்று, அவர் மனைவி கல்லைத் தொடக்கூடாது. பாஸ்கலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு யக்ஞநாராயணன் கால் கழுவிக்கொண்டே சொன்னார்: “நல்ல வேளை. தாள் பிழைச்சுது.”

“நாலாம் பக்கம்?”

“அதை நிறுத்திடலாம். தேரைப் பத்தி இன்னும் ரெண்டு படம் கையில இருக்கு, எல்லாரையும் போர்த்திண்டு வரையணும், அவ்வளவுதானே. படத்துக்குக் கீழே எழுத்து இல்லாட்டாலும் பார்க்கறவாளுக்கு மனசிலாகும்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது. அது அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் அதிகம் வலித்தது. அவள் சாதம் போட்டாள், பரிமாறினாள், இலையை எடுத்தாள். அடுத்த மூன்று வாரமும் படித்தாள். படித்ததில் எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்று வழக்கம்போல் மனசுக்குள் எழுதிக்கொண்டே வந்தாள். எங்கே போய்ச் சேரப்போகிறது என்று தெரியாமல் எழுதினாள்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை பாஸ்கல் வந்தார். மடத்தில் நடந்தது அவர் காதுக்கும் போயிருந்தது. கல்லை இறக்கி வைத்துவிட்டு, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யக்ஞநாராயணனிடம், “சாமி, அம்மிணி சொல்லலீன்னா எங்கட பொழப்புப் போயிருக்குமுங்க” என்றார். யக்ஞநாராயணன், “அது பெரிய விஷயமில்லை” என்றார். அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

வாலாம்பாள் மோர் கொண்டுவந்தாள். எப்போதும் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அன்று போகவில்லை.

“கல்லைத் தொடாம எழுத ஏதாவது வழி இருக்கோ?” என்று கேட்டாள்.

பாஸ்கல் அவளை நேராகப் பார்க்காமல், மோர்ச் செம்பைப் பார்த்துப் பதில் சொன்னார். “இருக்குதுங்க. ஒரு தாள் இருக்குது, பசை பூசினது. அதுல கல்லு மையில எழுதிக் குடுத்தீங்கன்னா, நான் அதைக் கல்லு மேல கவுத்து அழுத்தி ஏத்திக்குவேனுங்க. மழைக்காலத்துல தாள் ஒட்டிக்கும், பாதி பாழாப் போகும். அதனாலதான் சாமிகிட்டச் சொல்லலீங்க. இப்ப வெயில்தானுங்க, ஆகும்.”

யக்ஞநாராயணன் தலையைத் தூக்கினார். “சமூகத்துல என்ன சொல்லுவா?”

“கல்லைத் தொடப்படாதுன்னாக்கும் எழுதியிருக்கா. தாளைப் பத்தி ஒண்ணும் எழுதலை” என்றாள் வாலாம்பாள்.

பாஸ்கல் மோரைக் குடித்து முடித்தார். சிரிப்பு வந்ததா, புரையேறியதா தெரியவில்லை. “ஆனா ஒண்ணுங்க அம்மிணி. கல்லுல அது தானாத் திரும்பிக்கும். இதுல நேராத்தான் எழுதோணும். விரல் படாமப் பாத்துக்குங்க, விரல் பட்ட எடமெல்லாம் கறுப்பா விழும்.”

“நாலாம் பக்கம் வேணும்னு உனக்கு இவ்வளவு இருந்துதா?” என்று கேட்டார் யக்ஞநாராயணன், பாஸ்கல் போன பிறகு.

“இருந்தது.”

அவர் கொஞ்ச நேரம் நாலாம் பக்கத்துக்கென்று தாம் வரைந்து வைத்திருந்த தேர்ப் படத்தைப் பார்த்தார். பிறகு அதைச் சுருட்டி அலமாரியில் வைத்தார்.

திங்கட்கிழமை பசைத் தாள் ஐந்து வந்தது. செவ்வாய்க்கிழமை சமையல் முடிந்து வாலாம்பாள் உட்கார்ந்தாள். கைக்கு அடியில் ஒரு வாழைப்பட்டையை வைத்துக்கொண்டாள். மூன்று வருஷமாக அவள் நேராக ஒரு வரியும் எழுதியதில்லை. சலவைக் கணக்கைக்கூட அவர்தான் எழுதுவார். பேனாவைத் தொட்டு வைத்தவுடனே கை தானாகத் தாளின் வலது ஓரத்துக்குப் போயிற்று. ‘படிக்க’ என்று திருப்பி எழுதி முடித்த பிறகுதான் கவனித்தாள். அந்தத் தாளைக் கிழித்தாள்.

இரண்டாவது தாளில் இடது ஓரத்தில் தொடங்கினாள். எழுத்து நேராக வந்தது. ஆனால் அது அவள் எழுத்தாக இல்லை. திருப்பி எழுதும்போது ஒரே அளவாய், ஒரே சாய்வாய் விழுந்த எழுத்து, நேராக எழுதும்போது ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, வரிக்கு மேலே ஏறியும் இறங்கியும் கிடந்தது. எட்டிப் பார்த்த யக்ஞநாராயணன், “இதென்ன, பள்ளிக்கூடத்துக் குழந்தை எழுதினா மாதிரி இருக்கு?” என்றார்.

“நாலாம் கிளாஸோட நின்ன எழுத்துதானே.”

அதுவும் போயிற்று. மூன்றாவது தாளை எடுத்தாள். ‘ப’வை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திப் பார்த்தாள். கால் நேராக நின்றது. அடுத்ததற்குப் பேனாவைத் தொட்டுக்கொண்டாள்.